மாமா, நான் எதையும் கடத்தவில்லை

வடக்குப்பட்டு,
வியாழக்கிழமை, மாலை நாலு மணி.

பெருமதிப்பிற்கும் பேரன்பிற்கும் உரிய மாமா பாண்டுரங்கன் அவர்களுக்கு, தங்கள் மருமகன் தாண்டவராயன் பணிவுடன் எழுதிக்கொண்டது. இங்கு நானும் தங்கள் மகள் செங்கமலமும் பேத்தி பூஜாவும் நலம். அங்கு தாங்களும், அத்தையும், அத்தையின் முழங்காலும், வாலாஜாபாத் உரக்கடையும் நலம்தானா என்று அறிய ஆவலாக இருக்கிறோம். நலம் என்று நான் வழக்கத்துக்காக எழுதவில்லை. மூவரையும் ஒருமுறை நன்றாகப் பார்த்துவிட்டுத்தான் எழுதுகிறேன்.

நேற்று மாலை தாங்கள் போனில் பேசியது மொத்தம் மூன்று வாக்கியம். "மாப்ள, நான் இன்னா ஏதுன்னு கேக்க மாட்டேன். ஞாயித்துக்கெழம வண்டி எட்தாறேன். பொண்ணையும் கொழந்தையையும் கொஞ்ச நாளு நம்ம வூட்ல வெச்சிக்கிறேன்." அவ்வளவுதான், வைத்துவிட்டீர்கள். அதற்குப் பிறகு நான் பதினோரு தடவை கூப்பிட்டேன். பன்னிரண்டாவது தடவை அத்தை எடுத்து, "அவர் சாப்பிடாம படுத்துகினு கீறாரு" என்று அழுதார்கள். அந்த அழுகையில் நான் சொன்னது ஒன்றும் அவர்கள் காதில் விழவில்லை. ஆகவே இந்தக் கடிதம். என்னோடு வேலை செய்யும் ஐயனார் நாளைக் காலை ஷிப்ட் முடிந்து வாலாஜாபாத் பஸ்ஸில் வருகிறார். நேராகக் கடைக்கு வந்து தங்கள் கையிலேயே கொடுப்பார். கடிதத்தை நடுவில் நிறுத்திப் பேச முடியாது என்பதால் முழுதும் படித்துவிடுவீர்கள் என்று நம்புகிறேன்.

தாங்கள் கேள்விப்பட்டது, மருமகன் கம்பெனியில் பொருளைக் கடத்தி கேட்டில் மாட்டிக்கொண்டான் என்பது. சொன்னது கம்பெனியில் எங்கள் லைனில் வேலை செய்யும், வாலாஜாபாத்திலிருந்தே வந்துபோகும் மணிகண்டபிரபு. அவர் கெட்டவர் இல்லை. பார்த்ததைத்தான் சொன்னார். ஆனால் பாதி பார்த்ததும் பஸ் கிளம்பிவிட்டது. மீதியை நான் சொல்கிறேன்.

போன திங்கட்கிழமை பூஜாவின் ஐந்தாம் வகுப்பு டீச்சர் ஷாலின், வெப்பம் பாடம் ஆரம்பித்திருக்கிறார். சூட்டை எது கடத்தும், எது கடத்தாது என்பது பாடம். புத்தகத்தைப் படித்தால் பிள்ளைகளுக்கு மண்டையில் ஏறாது, சூட்டோடு வேலை செய்கிற யாராவது வந்து சொன்னால் நன்றாக இருக்கும் என்று நினைத்து, "உங்க வீட்ல யாராவது சூடான வேலை பாக்கறாங்களா" என்று கேட்டாராம். இந்தப் பக்கத்துப் பிள்ளைகளின் அப்பாக்கள் எல்லாருமே ஏதோ ஒரு கம்பெனிதான். ஒருத்தர் கார் சீட் தைக்கிறார், ஒருத்தர் கண்ணாடி பொருத்துகிறார், ஒருத்தர் பெயின்ட் அடிக்கிறார். ரஞ்சனி என்கிற பிள்ளை எழுந்து, "பூஜாவோட அப்பா அலுமினியத்தக் காய்ச்சி ஊத்தறாரு மிஸ்" என்று சொல்லியிருக்கிறது. பூஜா வாயே திறக்கவில்லையாம். மாமா, இதைத் தங்களிடம் மட்டும் சொல்கிறேன். நான் வேலை விட்டு வந்தால் சட்டையில் கருகல் வாசம் அடிக்கும். அவளுக்கு அதில் ஒரு கூச்சம். அப்பா கம்பெனியில் ஏசி ரூமில் உட்காருகிறார் என்று ஒருமுறை சொல்லி வைத்திருந்தாளாம். ரஞ்சனி உடைத்துவிட்டது.

வியாழக்கிழமை பத்து மணிக்கு வகுப்புக்கு வரச்சொல்லி டீச்சர் சீட்டு எழுதி அனுப்பினார். நான் பத்தாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டு வந்தவன். என்னை வாத்தியாராக நிற்கச் சொன்னதும் எனக்கு இரண்டு நாள் சாப்பாடு இறங்கவில்லை. வெறுங்கையோடு போனால் என்ன பேசுவது என்று, உலை பக்கத்தில் நாங்கள் போட்டுக்கொள்ளும் நீளக் கையுறை, தேய்ந்துபோய்த் தூக்கிப் போட வைத்திருந்த ஒரு ஜோடி, அதைக் கொண்டுபோய்க் காட்டலாம் என்று சூப்பர்வைசர் ஜீவானந்தத்திடம் கேட்டேன். "எட்துனு போ தாண்டவா, கொழந்தைங்க பாக்கட்டும்" என்றார். வாயால் சொன்னார். சீட்டு தரவில்லை. நானும் கேட்கவில்லை. தப்பு என்றால் இது ஒன்றுதான் மாமா நான் செய்த தப்பு.

நேற்று ரெண்டரைக்கு ஷிப்ட் முடிந்து கேட்டில் பையைச் சோதித்தார்கள். செக்யூரிட்டி அருள்பாண்டி, விருதுநகர் பக்கத்துப் பையன், ரொம்ப மரியாதைக்காரர், என் சாப்பாட்டுப் பையில் கையை விட்டுக் கையுறையை வெளியே இழுத்தார். அது முழங்கை வரை நீளம் என்பதால் இழுக்க இழுக்க வந்துகொண்டே இருந்தது. பின்னால் ஷிப்ட் மொத்தமும் வரிசையில் நிற்கிறது.

"என்னண்ணே, சோத்துப் பைக்குள்ள இத வச்சிருக்கீக?" என்றார்.

"ஸ்கூலுக்குப்பா. பாடம் எடுக்கறேன்" என்றேன்.

வரிசையில் யாரோ சிரித்தார்கள். அருள்பாண்டி சிரிக்கவில்லை. "எனக்கு உங்களத் தெரியும்ணே. ஆனா சீட்டு இல்லாம ஒரு திருகாணி வெளிய போனாலும் என் வேல போயிரும். செத்த அப்பிடி உக்காருங்க" என்று ஸ்டூலைக் காட்டினார். அவர் சொன்னதில் என்ன தப்பு? உட்கார்ந்தேன். ஜீவானந்தமோ மீட்டிங்கில். போனை லாக்கரில் வைத்துவிட்டுத்தான் உள்ளே போவார்கள். நான் கையுறையை மடியில் வைத்துக்கொண்டு ஸ்டூலில் உட்கார்ந்திருக்க, நோட்டில் என் பெயரையும் எண்ணையும் எழுத, அதை பஸ் ஜன்னல் வழியாக நம் மணிகண்டபிரபு பார்க்க, வாலாஜாபாத் பஸ் கிளம்பிவிட்டது. பதினெட்டு வருஷ சர்வீஸ் மாமா. அந்த ஸ்டூலில் உட்கார்ந்து, வேலை போனால் வீட்டுக் கடனுக்கு என்ன செய்வது, தங்கள் முகத்தில் எப்படி முழிப்பது என்றெல்லாம் நினைத்துக்கொண்டிருந்தேன். ஒரு மணி நேரம் கழித்து ஜீவானந்தம் ஓடி வந்தார். வந்தவர் தலையில் அடித்துக்கொண்டு, மேனேஜரிடம் கையெழுத்து வாங்கி, "பழைய கையுறை, ஒன்று, கல்விப் பணிக்காக, திருப்பித் தரப்பட வேண்டியது" என்று சீட்டு எழுதிக் கொடுத்தார். அவசரத்தில் ஒன்று என்று எழுதிவிட்டார். அருள்பாண்டி எண்ணிப் பார்த்து, "அண்ணே, இதுல ஒண்ணுன்னுதான் போட்டிருக்கு" என்று வலது கையை வாங்கி உள்ளே வைத்துவிட்டு, இடது கையை மட்டும் என்னிடம் கொடுத்தார். சிங்கப்பெருமாள் கோவிலிலிருந்து வந்த ஷேர் ஆட்டோவில் ஒற்றைக் கையுறையோடு வீடு வந்து சேர்ந்தேன். வந்தால் தங்கள் போன்.

அந்த மனநிலையில்தான் மாமா நேற்று மாலை பூஜா எனக்குப் பாடம் சொல்லிக் கொடுத்தாள். அலுமினியம், செம்பு மாதிரி சூட்டை வேகமாக விடுகிற பொருளுக்குப் புத்தகத்தில் நற்கடத்தி என்று பெயர். மரம், துணி மாதிரி சூட்டை லேசில் விடாத பொருள் அரிதிற்கடத்தி. எங்கள் லைனில் ஹீட் போவும், ஹீட் போவாது, அவ்வளவுதான் பேச்சு.

"நல்லாக் கடத்தும், அதான் நற்கடத்தி. திருப்பிச் சொல்லுப்பா" என்றாள்.

"நல்லாக் கடத்தறதுன்னா, மாட்டாம கடத்தறதா?" என்றேன். எனக்கு அந்த நேரத்தில் வேறு நினைப்பு ஓடவில்லை.

அடுப்பங்கரையிலிருந்து தங்கள் மகள், "கட்னவரு கேட்ல மாட்டி வந்துகீறாரு, இதுல பாடம் வேற. அந்த வார்த்தைய இந்த வூட்ல யாரும் சொல்லாதீங்க" என்றாள். சொல்லாமல் எப்படி அந்தப் பாடத்தை நடத்துவது? பாடமே அந்த வார்த்தைதான்.

இன்று ஷிப்டுக்கு லீவு சொல்லிவிட்டுக் காலை பத்து மணிக்குப் போனேன். இருபத்தேழு பிள்ளைகள். பூஜா கடைசி பெஞ்சில் நோட்டை முகத்துக்கு நேராகப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். ஷாலின் டீச்சர் சின்னப் பெண். தற்காலிகமாக வேலைக்கு வந்து எட்டு மாதம் ஆகிறது. அடுத்த வருஷம் நீட்டிப்பார்களா என்பது மேலே போகிற அறிக்கையைப் பொறுத்தது என்று அவரே என்னிடம் மெதுவாகச் சொன்னார். "வெளியாளக் கூப்டாதீங்கன்னு சொன்னாங்கண்ணா. நான்தான் கேக்காம கூப்ட்டேன்." எனக்கு அப்போதே திரும்பிவிடலாமா என்று இருந்தது.

நான் செய்து காட்ட நினைத்தது எளிய விஷயம். அலுமினியக் கரண்டி, எவர்சில்வர் கரண்டி, மரக்கரண்டி, பிளாஸ்டிக் கரண்டி நாலையும் சுடுதண்ணீர்ப் பாத்திரத்தில் நிற்க வைப்பது. மேலே காம்பில் கொஞ்சம் வெண்ணெய் தடவி அதில் ஒரு பட்டாணியை ஒட்டுவது. எந்தக் கரண்டியில் சூடு சீக்கிரம் மேலே ஏறுகிறதோ அதில் வெண்ணெய் உருகிப் பட்டாணி விழும். சத்துணவு சமைக்கும் அன்னபுஷ்பம் அக்கா கொதிக்கிற தண்ணீரைக் கொண்டு வந்து மேசையில் வைத்து, "இன்னாப்பா, கிளாஸ்லயே சமைக்கப் போறியா" என்று கேட்டுவிட்டு வேடிக்கை பார்க்க அங்கேயே நின்றுகொண்டார். நான் பிள்ளைகளைப் பார்த்து, "கடத்தறதுன்னா இன்னான்னா" என்று ஆரம்பித்தேன். உடனே ரஞ்சனி கையைத் தூக்கி, "திருடறதுதானே அங்கிள்" என்றது. மாமா, சத்தியமாகச் சொல்கிறேன், அந்தப் பிள்ளைக்கு நேற்று நடந்தது தெரியாது. ஆனால் எனக்கு முதுகில் வேர்வை வழிந்தது. "இல்லம்மா, ஒரு பக்கத்துலேர்ந்து இன்னொரு பக்கத்துக்குக் கொண்டுபோறது. சீட்டோட" என்றேன். சீட்டு எதற்கு என்று யாரும் கேட்கவில்லை, நல்ல காலம்.

"மொதல்ல அலுமினியக் கரண்டி பட்டாணிதான் விழும், பாருங்க" என்று தைரியமாகச் சொல்லிவிட்டேன். வெயிலோ நம் ஊர் வெயில். பள்ளிக்கு நடந்து வருவதற்குள்ளேயே டப்பாவில் வெண்ணெய் பாதி நெய்யாகிவிட்டிருந்தது. அவசரத்தில் முதல் கரண்டிக்கு, அதாவது மரக்கரண்டிக்கு, அள்ளி அப்பிவிட்டேன். கடைசியில் எவர்சில்வருக்கு வந்தபோது டப்பாவைச் சுரண்டித்தான் தடவினேன். ஒரு நிமிஷம் ஆகவில்லை, மரக்கரண்டிப் பட்டாணி வழுக்கிக்கொண்டு வந்து தண்ணீரில் விழுந்தது. வகுப்பே கைதட்டியது. அடுத்து பிளாஸ்டிக். அப்புறம் கொஞ்சம் கழித்து அலுமினியம். எவர்சில்வர் பட்டாணி மட்டும் அசையாமல் என்னைப் பார்த்துக்கொண்டிருந்தது. "மரக்கரண்டி பஸ்ட்டு, மரக்கரண்டி பஸ்ட்டு" என்று பிள்ளைகள் கத்த, டீச்சர் வாயில் கையை வைத்துக்கொண்டு நிற்க, அந்த நேரம் பார்த்து வாசலில் ஒரு வண்டி வந்து நின்றது. வட்டாரக் கல்வி அலுவலர் கோதண்டராமன் சார். முன்கூட்டிச் சொல்லாத வருகை.

அவர் உள்ளே வந்தார். பாத்திரத்தைப் பார்த்தார். மிதக்கிற நெய்யைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். பிள்ளைகள் பக்கம் திரும்பி, "என்ன பாடம்?" என்றார்.

"வெப்பம் சார்."

"நற்கடத்திக்கு ஒரு உதாரணம் சொல்லுங்க."

இருபத்தேழு பிள்ளைகளும் ஒரே குரலில், "மரக்கரண்டி சார்" என்றார்கள்.

"யார் சொன்னது?"

அத்தனை விரலும் என் பக்கம் நீண்டது. அன்னபுஷ்பம் அக்காவின் விரலும் சேர்ந்து. ஷாலின் டீச்சர் முகத்தில் ரத்தமே இல்லை. மாமா, நேற்று கேட்டில் நான் பயந்தது என் வேலைக்கு. இன்று இன்னொருத்தர் வேலைக்குப் பயந்தேன். இது அதைவிட மோசமாக இருந்தது. என்னை நம்பிக் கூப்பிட்ட பெண்.

எனக்குப் பள்ளிக்கூடத்து வழி தெரியாது. லைன் வழிதான் தெரியும். லைனில் ஒரு பீஸ் கெட்டுப்போனால் யார்மேலும் பழி சொல்லக்கூடாது. நிறுத்த வேண்டும், ஏன் கெட்டது என்று பார்க்க வேண்டும், திரும்ப ஓட்ட வேண்டும். "சார், தப்பு என்னுது. டீச்சர் மேல ஒண்ணும் இல்ல. வெண்ணெய சமமா தடவல, அதோட அது மொதல்லயே உருகிடுச்சு. ட்ரையல் பெயில் ஆயிடுச்சு சார். ஒரு அஞ்சு நிமிஷம் குடுங்க" என்றேன். அவர் கையைக் கட்டிக்கொண்டு நின்றார். நிற்கட்டும், ஆனால் வெண்ணெய் தீர்ந்துவிட்டது. நான் டப்பாவைப் பார்த்துக்கொண்டு நின்றேன்.

அப்போது கடைசி பெஞ்சில் நோட்டு கீழே இறங்கியது. பூஜா எழுந்து நின்றாள். "அப்பா, வெண்ண வேணாம்ப்பா. கரண்டிங்க இவ்ளோ நேரம் தண்ணிலதான கீது. கையால தொட்டே பாக்கலாமே" என்றாள். எல்லார் எதிரிலும் என்னை அப்பா என்றாள்.

நான் ஒவ்வொரு காம்பையும் முதலில் தொட்டுப் பார்த்தேன், பிள்ளைகளுக்குத் தாங்குமா என்று. தாங்கும். அப்புறம் பூஜா தொட்டாள். மரம், ஒண்ணுமே இல்லை. பிளாஸ்டிக், ஒண்ணுமே இல்லை. எவர்சில்வர், தண்ணிக்குப் பக்கத்தில் சூடு, மேலே போகப்போக வெதுவெதுப்பு. அலுமினியம், நுனி வரைக்கும் சூடு. விரலை வெடுக்கென்று எடுத்து, "இதான் நற்கடத்தி" என்றாள். பிள்ளைகள் வரிசையாக வந்து தொட்டார்கள். ஒவ்வொருத்தரும் அலுமினியத்தில் விரலை எடுக்கும்போது மற்றவர்கள் சிரித்தார்கள். கடைசியில் அதிகாரியும் வரிசையில் வந்தார். அவரும் எடுத்தார். இதை ஏன் விவரமாக எழுதுகிறேன் என்றால், மணிகண்டபிரபு நாளைக்குக் கடைப்பக்கம் வந்து, மருமகன் அதிகாரி கையைச் சுட்டுவிட்டான் என்று சொன்னாலும் சொல்வார். சுடவில்லை மாமா. விரலை எடுத்தார், அவ்வளவுதான்.

"எவர்சில்வரும் உலோகம்தானே. அது ஏன் இவ்வளவு மெதுவா?" என்று என்னையே கேட்டார் அவர். இதற்கு மட்டும் எனக்குப் பதில் தெரியும். "உலோகம்னா எல்லாமே ஒரே வேகத்துல விடாது சார். அலுமினியம், செம்பு ரெண்டும் வேகம். எவர்சில்வர்ல கலப்பு நெறைய, மெள்ளமாத்தான் ஏறும். அதனாலதான் சில எவர்சில்வர் பாத்திரத்துக்கு அடியில செம்பு ஒட்டி விக்கறாங்க. நான் அலுமினியத்த ஒரு வருஷம் காய்ச்சனப்பறம்தான் அது ஏன்னு புரிஞ்சுது." அதற்கு அவர், "எங்க வீட்ல அந்தப் பாத்திரம் இருபது வருஷமா இருக்கு. அழகுக்குன்னு நெனச்சேன்" என்றார். பிள்ளைகள் சிரித்தார்கள். அவரும் சிரித்தார். டீச்சர் முகத்தில் ரத்தம் திரும்பியது.

அதற்குப் பிறகுதான் கையுறையை எடுத்தேன். நான் எதன் எதிரில் நின்று வேலை செய்கிறேன் என்று சொன்னேன். உருகின அலுமினியம் வெள்ளியாய் மின்னும், பார்க்க அழகாய் இருக்கும், கிட்டே போக முடியாது, இந்தத் துணியும் தோலும் சூட்டை உள்ளே விடாததால்தான் மாலையில் இந்தக் கையால் சாப்பிடுகிறேன் என்றேன். பூஜா வந்து போட்டுக்கொண்டாள், தோள் வரைக்கும் வந்தது. சுடுதண்ணீர்ச் சொம்பை அந்தக் கையால் அணைத்துப் பிடித்து, "உள்ள ஒண்ணுமே தெரியல" என்றாள். ரஞ்சனி அவளிடம், "உங்கப்பாது நாங்களும் போடலாமா" என்று கேட்டது. "வரிசையா வாங்க" என்றாள் இவள், மேனேஜர் மாதிரி. அதிகாரியும் போட்டுப் பார்த்தார். போட்ட நேரம் சட்டைப் பையில் போன் அடிக்க, அந்தக் கையால் எடுக்க முடியாமல் அவர் பட்ட பாட்டைப் பார்த்து அன்னபுஷ்பம் அக்கா சிரிப்பை அடக்க வெளியே ஓடிவிட்டார். அதிகாரி போகும்போது பார்வைப் புத்தகத்தில் எழுதினார். டீச்சர் எனக்குப் படித்துக் காட்டினார். "மாணவர்கள் தொட்டு அறிந்தனர். பெற்றோரை அழைத்தது நன்று. வெண்ணெயைத் தவிர்க்கவும்." படித்துவிட்டு டீச்சர் நாற்காலியில் உட்கார்ந்து ஒரு பாட்டில் தண்ணீரையும் ஒரே மூச்சில் குடித்தார். நான் இன்னொரு பாட்டில்.

மதியமே கம்பெனிக்குப் போய்க் கையுறையைத் திருப்பிக் கொடுத்துவிட்டேன். நோட்டில் என் பெயருக்கு நேராக, பொருள் வந்து சேர்ந்தது என்று அருள்பாண்டி கையெழுத்துப் போட்டார். "பாடம் எப்பிடிண்ணே போச்சு" என்று கேட்டு, டீயும் வாங்கிக் கொடுத்தார். அந்தச் சீட்டின் நகலை இத்துடன் வைத்திருக்கிறேன், தாங்கள் மணிகண்டபிரபுவிடம் காட்டுவதற்காக. மூன்று நாளுக்குப் பிறகு இன்று மதியம்தான் நான் வயிறாரச் சாப்பிட்டேன்.

ஆகவே மாமா, ஞாயிற்றுக்கிழமை தாங்கள் வண்டி எடுத்துக்கொண்டு வர வேண்டிய அவசியம் இல்லை. வேலை இருக்கிறது. மானம் இருக்கிறது. இருபத்தேழு பிள்ளைகள், ஒரு டீச்சர், ஒரு அதிகாரி, நான், யாருக்கும் ஒரு விரல்கூடச் சுடவில்லை. தங்கள் மருமகன் சூட்டை அறிந்தவன் என்று இனி தாங்கள் கடையில் நாலு பேரிடம் தலைநிமிர்ந்து சொல்லலாம்.

அத்தையின் முழங்காலுக்கு விளக்கெண்ணெய் தொடரட்டும். தாங்கள் தயவுசெய்து சாப்பிடவும். பெரியவர்கள் இருவர் பாதங்களுக்கும் எங்கள் மூவரின் வணக்கம். தங்கள் வாழ்த்து ஒன்றுதான் இந்த வீட்டுக்குக் கூரை.

தங்கள் அன்பு மருமகன்,
தாண்டவராயன்

பி.கு: தாத்தா, இதை பூஜா எழுதுகிறேன். அப்பாவால் எழுத முடியவில்லை. கடிதத்தை முடித்துவிட்டு, அம்மாவுக்கும் பாடம் நடத்துகிறேன் என்று அடுப்பங்கரைக்குப் போனார். துணி அரிதிற்கடத்தி, பார் செங்கமலம் என்று சொல்லி, மேடை துடைக்கிற துணியால் கொதிக்கிற பால் பாத்திரத்தைத் தூக்கினார். அந்தத் துணி ஈரம். ஈரத்துணி சூட்டைச் சீக்கிரம் விட்டுவிடும். அதை அவர் பாடத்தில் சொல்லவேயில்லை. மூன்று விரல் சுட்டுவிட்டது. கம்பெனியில் இதெல்லாம் தெரியுமாம், வீட்டில் மறந்துவிட்டதாம். பால் முழுவதும் கொட்டிவிட்டது. கொப்புளம் சின்னதுதான், பக்கத்து வீட்டு நர்ஸக்கா பார்த்துவிட்டார், பயப்படாதீர்கள். அம்மா உங்களை ஞாயிற்றுக்கிழமை கட்டாயம் வரச் சொன்னாள். எங்களைக் கூட்டிப்போக இல்லை, அப்பாவை நாலு கேள்வி கேட்க. இருபது நிமிஷம் குழாய்த் தண்ணீரில் கையைக் காட்டணும் என்று ஷாலின் மிஸ் சொல்லியிருக்கிறார். நான்தான் பிடித்துக்கொண்டு நின்றேன். பத்தாவது நிமிஷம், எடுத்துக்கட்டுமாம்மா என்று கேட்டார். விடவில்லை.